நாலு சட்டை, இரண்டு பேன்ட்: இதிலிருந்து எப்படிப் பெருக்குவது?

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். தினமும் பஸ் ஏறி கோயம்புத்தூரில் ஓர் அலுவலகத்துக்கு வேலைக்குப் போகிறார். கையில் இருப்பது நாலு சட்டை, இரண்டு பேன்ட், ஒரு ஜீன்ஸ், ஒரு வேட்டி. சட்டைகள்: வெள்ளையில் மெல்லிய நீலக் கோடு போட்டது ஒன்று, மெரூன் கட்டம் போட்ட அரைக்கை ஒன்று, ஒரு கல்யாணத்துக்கு எடுத்த கறுப்பு, காலர் நைந்துபோன இள நீலம். பேன்ட் கறுப்பு ஒன்று, பழுப்பு ஒன்று. "திங்கட்கிழமை போட்டது வியாழக்கிழமை திரும்ப வந்துவிடுகிறது. ஆஃபரில் ஆறு சட்டை ஒன்றாக வாங்கிவிடலாமா? அதிகச் செலவில்லாமல் துணிமணியைக் கூட்டிக்கொள்ள என்ன வழி?" என்பது அவர் கேள்வி.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 28 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் காலையில் கோவைக்கோ பொள்ளாச்சிக்கோ போகிறவர்கள், மீதிப் பேர் சித்தூர், பாலக்காடு என்று போகிறவர்கள். இந்தக் கேள்வியை அளவு எடுக்கும்போது நிறையப் பேர் கேட்பார்கள். என் பதில் இதுதான்: ஆறு சட்டை வாங்காதீர்கள். முதலில் இருப்பதை உங்கள் உடம்புக்கு அளவாக்குங்கள். அடுத்து பேன்ட் எடுங்கள். சட்டையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் சட்டை கடைசியில் என்று சொல்கிறேன் என்றால், நம் பக்கத்தில் சட்டை தானாகவே வந்து சேரும். எல்லையில் இருப்பவர்களுக்கு பொங்கலும் உண்டு, விஷுவும் உண்டு, ஓணத்துக்குத் தரும் புதுத்துணியான ஓணக்கோடியும் உண்டு, தீபாவளியும் உண்டு. மாமா எடுத்துத் தருவது சட்டை, பெங்களூரில் இருக்கும் அண்ணன் வாங்கி வருவது சட்டை, பிறந்தநாளுக்கு நண்பர்கள் தருவதும் சட்டை. பேன்ட்டுக்கு அளவு வேண்டும் என்பதால் யாரும் எடுத்துத் தருவதில்லை. அதை நாம்தான் வாங்க வேண்டும். நாமும் கடைக்குப் போனால் கண்ணுக்கு முன்னால் தொங்குகிற சட்டையைத்தான் எடுக்கிறோம். எங்கள் ஊரில் பல வீட்டு அலமாரியில் பதினைந்து சட்டையும் இரண்டு பேன்ட்டும் இருக்கும். அந்த இரண்டு பேன்ட்டும் தொடைப் பக்கம் தேய்ந்து பளபளவென்று இருக்கும்.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலு சட்டை, இரண்டு பேன்ட் என்றால் எட்டு ஜோடி. காகிதத்தில்தான் எட்டு. தம்பி சொன்ன நிறங்களை எடுத்து வைத்துப் பார்த்தால், கறுப்பு பேன்ட்டோடு கோடு போட்டது, கட்டம் போட்டது, இள நீலம் மூன்றும் ஒத்துப்போகும். பழுப்பு பேன்ட்டோடு கோடு போட்டதும் இள நீலமும் போகும், மெரூன் கட்டம் போகாது. கறுப்புச் சட்டைக்கு இரண்டுமே சரிவராது. கறுப்புக்குக் கறுப்பு போட்டால் கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவரா என்று கேட்பார்கள். ஆகவே உண்மையில் கையில் இருப்பது ஐந்து ஜோடி. அதில் இள நீலத்துக்குக் காலர் நைந்துவிட்டது.

இப்போது சாம்பல் நிறத்தில் ஒரு பேன்ட் வந்தால் நாலு சட்டையும் அதோடு சேரும். கறுப்புச் சட்டைக்கும் ஒரு துணை கிடைத்துவிடும். ஐந்து ஒன்பதாகிறது. அடுத்து சந்தன நிறமோ காக்கியோ ஒன்று வந்தால் அதோடும் நாலும் சேரும், பதின்மூன்று. மூன்றாவதாக அடர் நீலம் வந்தால் கறுப்பைத் தவிர மற்ற மூன்றும் சேரும், பதினாறு. மூன்று பேன்ட்டில் ஐந்து பதினாறாகிறது. ஆறு சட்டை வாங்கினாலும், ஒவ்வொன்றும் இரண்டு பேன்ட்டோடும் பிசகாமல் சேர்ந்தால்தான் பதினேழு வரும். ஆஃபரில் எடுக்கிற ஆறில் இரண்டு மூன்று கட்டாயம் எதோடும் சேராது. அதுவும் அந்த இரண்டு பேன்ட்டையே மாற்றி மாற்றிப் போட்டு அவை ஆறு மாதத்தில் போய்விடும்.

பேன்ட்டுக்கு முன்னால் அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் துணி எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் போடுங்கள். ஒவ்வொன்றையும் போட்டு கண்ணாடி முன் நில்லுங்கள். முதலில் தோள்பட்டையைப் பாருங்கள். சட்டையின் தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடிகிற இடத்தில் உட்கார வேண்டும். அது கைப்பக்கம் இறங்கித் தொங்கினால் அந்தச் சட்டையைத் திருத்துவது கஷ்டம். கையைப் பிரித்து, தோளை வெட்டி, திரும்பக் கையை ஏற்ற வேண்டும். செய்யலாம், ஆனால் கூலி கொடுத்துக் கட்டுபடியாகாது. தோள் சரியாக இருந்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம். பக்கவாட்டில் தொளதொள என்று இருந்தால் இரண்டு பக்கமும் பிடித்துவிடலாம். உயரம் அதிகம் என்றால் வெட்டி மடிக்கலாம். பேன்ட்டுக்குள் விட்டுப் போடாத சட்டை இடுப்பெலும்பைத் தாண்டி, பேன்ட்டின் பக்கப் பாக்கெட் பாதி மறையும் அளவுக்கு இருந்தால் போதும். முழுக்கை மணிக்கட்டு எலும்பில் நிற்க வேண்டும். காலர் பட்டனைப் போட்டால் கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும்.

ரெடிமேட் சட்டை பெரும்பாலும் ஒல்லியானவர்களுக்கு என்று தைக்கப்படுவதில்லை. நெஞ்சு 40 என்றால் இடுப்பும் அதற்கேற்ற அகலத்தில் வரும். நம் பையன்கள் பலருக்கு நெஞ்சு 38, இடுப்பு 30. காற்றடித்தால் முதுகுப் பக்கம் பை போல உப்பும். எங்கள் ஊர்க் காற்றைத் தெரியும்தானே. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி முடிவில் தொடங்கினால் ஆடி முடிகிறவரை பஸ் ஸ்டாப்பில் நிற்க முடியாது. பக்கவாட்டில் முக்கால் அங்குலம் முக்கால் அங்குலமாகப் பிடித்தால் மொத்தத்தில் மூன்று அங்குலம் குறையும். அதே சட்டை, வேறு சட்டை போலத் தெரியும். ஒரு புதுச் சட்டையின் விலையில் உங்கள் நாலு சட்டையையும் அளவாக்கிவிடலாம்.

பேன்ட்டில் இரண்டு இடம் பாருங்கள். கீழே மடிப்பு, செருப்பின் மேல் குவியலாக விழக் கூடாது. நேராக நின்றால் ஒரே ஒரு மடங்கல் விழுந்தால் அழகு. அடுத்து பாட்டம் சுற்றளவு. பழைய பேன்ட்கள் 18, 20 அங்குலம் இருக்கும். அதை முழங்காலிலிருந்து சாய்வாக இறக்கி 15, 16-க்குக் கொண்டுவந்தால் பத்து வருடப் பேன்ட்கூட இன்று எடுத்தது போல ஆகிவிடும். 14-க்குக் கீழே இறக்கச் சொல்லிப் பையன்கள் கேட்பார்கள், நான் வேண்டாம் என்பேன். நம் வெயிலுக்கு அது ஆகாது, வேர்த்தால் கெண்டைக்காலில் ஒட்டிக்கொள்ளும். இடுப்பைப் பொறுத்தவரை, தைத்த பேன்ட்டில் பின்பக்கத் தையலுக்குள் கொஞ்சம் துணி விட்டிருப்போம், ஒன்றரை அங்குலம் வரை கூட்டலாம். ரெடிமேடில் அந்த அளவுக்குத் துணி இருக்காது.

தம்பியின் இள நீலச் சட்டைக்கு வருகிறேன். காலர் நைந்துவிட்டது என்று அதைத் தூக்கிப் போட நினைக்கிறார். போடாதீர்கள். காலரைத் திருப்பிப் போடலாம். காலர் என்பது இரண்டு பாகம். கழுத்தைச் சுற்றி நிற்கிற பட்டி ஒன்று, அதன் மேலிருந்து மடிந்து விழுகிற காலர் ஒன்று. நைவது எப்போதும் மடிப்பு விழுகிற அந்த வரிதான், அதுவும் வெளியே தெரிகிற பக்கம் மட்டும். அடிப்பக்கத்துத் துணி வெளிச்சமே படாமல் புதிதாக இருக்கும். பட்டியின் மேல் விளிம்பில் இருக்கிற தையலை பிளேடு முனையால் ஒவ்வொரு கண்ணாக அறுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. காலர் தனியாகக் கையில் வரும். அதன் நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு, பட்டியின் நடுவில் ஒரு கோடு. காலரைப் புரட்டி, கோட்டுக்குக் கோடு வைத்து, பட்டிக்குள் திரும்பச் செருகி, பழைய ஊசி ஓட்டையிலேயே புதுத் தையல் ஓட்ட வேண்டும். நைந்த பக்கம் அடியில் போய்விடும், புதிய பக்கம் வெளியே வந்துவிடும். அரைமணி நேர வேலை. காலர் முனையில் பட்டன் வைத்த மாடலுக்கு இது ஆகாது. உள்ளே வைத்த கேன்வாஸ் விட்டுப்போய்க் கொப்பளம் கொப்பளமாக இருக்கிற காலருக்கும் ஆகாது. மற்றதற்கெல்லாம் ஆகும். ஒரு சட்டைக்கு இன்னும் இரண்டு வருடம் ஆயுள் கிடைக்கும்.

கை நுனி நைந்த முழுக்கைச் சட்டையை அரைக்கையாக்கிவிடலாம். அரைக்கை முழங்கைக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே நிற்கட்டும். வெள்ளைப் பட்டனை எடுத்துவிட்டு அடர் நீலமோ மரக்கலரோ பட்டன் வைத்தால் சாதாரண பிளெயின் சட்டை ஆளே மாறிவிடும். சட்டை ஒன்றுக்குப் பத்துப் பட்டன் போதும், உதிரியாக எந்த ஊரிலும் கிடைக்கும்.

இனி பேன்ட். முதலில் சாம்பல். ரொம்ப வெளிறியதும் வேண்டாம், கறுப்போடு போட்டி போடுவதும் வேண்டாம், நடுத்தரம். கறுப்பு பேன்ட்டை எல்லோரும் முதலில் எடுப்பதற்குக் காரணம் அது அழுக்குக் காட்டாது என்ற நம்பிக்கை. ஆனால் நம் கிழக்குப் பக்கத்தில் தூசி அதிகம். கறுப்பில்தான் அது பளிச்சென்று தெரியும். சாயமும் முதலில் வெளுப்பது கறுப்பில்தான், முழங்கால் பக்கம் பழுப்படித்துவிடும். சாம்பலும் சந்தனமும் வெளுத்தாலும் அழகாகவே வெளுக்கும்.

துணி எடுத்துத் தைப்பதாக இருந்தால், 58 அங்குலப் பன்னாத் துணியில் (பன்னா என்றால் துணியின் அகலம்) சராசரி உடம்புக்கு 1.2 முதல் 1.3 மீட்டர் போதும். சட்டைக்கு அதே பன்னாவில் 1.6 மீட்டர். 36 அங்குலப் பன்னா என்றால் முழுக்கைக்கு 2.25 மீட்டர் கேட்கும். கடையில் பன்னாவைக் கேட்காமல் மீட்டர் விலையை மட்டும் கேட்டு ஏமாந்துவிடுகிறார்கள். மீட்டர் விலை குறைவாகத் தெரிந்தாலும் பன்னா சின்னது என்றால் கணக்கு ஒன்றாகத்தான் வரும்.

ஜீன்ஸ் ஒன்று போதும். அது கிழியாமல், வெளுக்காமல், அடர் நீலமாக ஒன்று இருந்தால் சனிக்கிழமை அலுவலகத்துக்கும் போகலாம்.

துணி ரகம் பற்றி ஒரு விஷயம். பங்குனி, சித்திரையில் பாலக்காட்டில் வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிடுகிற வருடங்கள் உண்டு. அப்போது பருத்தியும் லினனும்தான். லினன் ஆளி நாரிலிருந்து வருவது, வேர்வையைச் சீக்கிரம் உறிஞ்சிச் சீக்கிரம் காயும். சுருக்கம் விழுகிறதே என்று அதை ஒதுக்காதீர்கள், அந்தச் சுருக்கம் அந்தத் துணியின் குணம். ஆனால் மழைக்காலத்துக்கு நான் டெரிகாட்டனைக் குறை சொல்ல மாட்டேன். அதில் பெரும்பாலும் மூன்றில் இரண்டு பங்கு பாலியஸ்டர். வெயிலுக்குப் புழுங்கும். ஆனி, ஆடியில் வாளையாற்றிலோ வேலந்தாவளத்திலோ மழையில் நனைந்து பஸ் ஏறுகிறவருக்கு அது கோவை போய்ச் சேர்வதற்குள் காய்ந்துவிடும். பருத்தி பேன்ட் மத்தியானம்வரை காலைச் சுற்றி ஈரமாகவே இருக்கும். ஆகவே தைக்கப்போகும் மூன்று பேன்ட்டில் ஒன்று, அந்த அடர் நீலம், டெரிகாட்டனிலோ டெரிவூலிலோ இருக்கட்டும்.

சட்டைத் துணிக்கு நம் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற வசதி மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லை. ஒரு பக்கம் சென்னிமலை, ஈரோடு. இன்னொரு பக்கம் திருவில்வாமலைக்குப் பக்கத்தில் குத்தாம்புள்ளி. மைசூர்ச் சீமையிலிருந்து வந்த தேவாங்கச் செட்டியார்களை கொச்சி அரச குடும்பம் அங்கே குடியமர்த்தியது, இன்றும் வீட்டில் கன்னடம் பேசுகிறார்கள். அவர்கள் நெசவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தெற்கே பாலராமபுரத்தில் நெய்கிறவர்களின் முன்னோர் தமிழ்ப் பக்கத்திலிருந்து போன சாலியர்கள். வடக்கே கண்ணூர்க் கைத்தறி. இந்தத் துணிகளெல்லாம் கேரளத்தில் ஹான்டெக்ஸ், ஹான்வீவ் கடைகளில் கிடைக்கும், தமிழ்நாட்டில் 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. இங்கே ஓணத்துக்குத் தள்ளுபடி, அங்கே தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடி. எல்லைக்காரர்கள் இரண்டையும் பயன்படுத்திக்கொள்ளலாம். கைத்தறியில் ஒரு கோடு போட்ட சட்டைத் துணியோ சின்னக் கட்டமோ எடுத்துத் தைத்துப் பாருங்கள். ஆலையில் நெய்தது போலப் பளபளக்காது, ஆனால் உடம்பில் காற்றோடும்.

கைத்தறி எடுத்தால் ஒன்றை மறக்கக் கூடாது. கடை தொடங்கிய இரண்டாவது வருடம் ஒரு பையன் நிச்சயதார்த்தத்துக்கு என்று கைத்தறித் துணி கொண்டுவந்தான். நான் அவசரத்தில் அப்படியே வெட்டித் தைத்துக் கொடுத்துவிட்டேன். நிச்சயத்தன்று பிரமாதமாக இருந்தது. முதல் துவையலுக்குப் பிறகு சட்டையோடு கடைக்கு வந்து கையை நீட்டிக் காட்டினான். கை ஓர் அங்குலம் ஏறி, மணிக்கட்டு வெளியே தெரிந்தது. அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் என் செலவில் வேறு துணி எடுத்துத் தைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து பருத்தித் துணி எதுவானாலும் இரவு முழுக்க வெறும் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுப்பேன். நீங்கள் எந்தத் தையல்காரரிடம் கொடுத்தாலும் வீட்டிலேயே ஊறவைத்துக் காயவைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். கட்டம் போட்ட துணி சாயம் விடுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். நம் ஊர்க் கட்டத் துணிக்கு உலகம் முழுக்க மெட்ராஸ் என்றே பெயர். 1950-களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் துணியில் தைத்த சட்டைகள் துவைக்கத் துவைக்கச் சாயம் விட்டன. விற்றவர்கள் அதையே அதன் சிறப்பு என்று சொல்லி விற்றார்கள். நமக்கு அது வேண்டாம், முதல் மூன்று துவையல் தனியாகத் துவையுங்கள்.

சட்டை வாங்குகிற கட்டம் வரும்போது முதலில் ஒரு முழு வெள்ளை. தம்பியிடம் கோடு போட்டது இருக்கிறது, பிளெயின் வெள்ளை இல்லை. எந்தப் பேன்ட்டோடும், எந்த வேட்டியோடும் சேர்வது அது ஒன்றுதான். அடுத்து கரும்பச்சையோ பாசிப்பச்சையோ ஒன்று. நம் ஆட்களின் மாநிறத்துக்கு அது மிக நன்றாக இருக்கும், ஆனால் நூற்றில் ஒருவர்கூட எடுப்பதில்லை, நீலத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள். எதை எடுத்தாலும் கடையில் நின்று உங்களிடம் இருக்கிற பேன்ட்டுகளை ஒவ்வொன்றாக மனதில் வைத்துப் பாருங்கள். மூன்றோடு சேர்ந்தால் எடுங்கள். ஒன்றோடு மட்டும் சேர்கிற சட்டை, எவ்வளவு அழகானாலும், கடையிலேயே இருக்கட்டும். கறுப்புச் சட்டையை வாங்கும்போது இதைப் பார்த்திருந்தால் அது இத்தனை நாள் அலமாரியில் தூங்கியிருக்காது.

ஆனால் அந்தக் கறுப்புச் சட்டைக்கும் ஒரு நல்ல வேலை வைத்திருக்கிறேன். அது வேட்டியைப் பற்றியது.

தம்பியிடம் இருப்பது ஒரே ஒரு நாலு முழ வேட்டி. எல்லை ஊரில் வாழ்கிறவருக்கு வேட்டிதான் மலிவாக அலமாரியைப் பெருக்குகிற வழி. அளவு எடுக்க வேண்டாம், தைக்க வேண்டாம், உடம்பு பெருத்தாலும் இளைத்தாலும் அது மாறாது. நாலு முழம் என்பது ஏறக்குறைய இரண்டு மீட்டர், ஒற்றை. எட்டு முழம் அதன் இரட்டிப்பு, மடித்துக் கட்டுவது. ஒற்றை வீட்டுக்கும் பக்கத்துக் கோயிலுக்கும் சரி. கல்யாணத்துக்கு எட்டு முழம் கட்டினால்தான் கால் தெரியாமல், காற்றில் பிரியாமல் நிற்கும். லேபிளில் 40, 60, 80, 100 என்று போட்டிருப்பது நூலின் கவுன்ட். 60 என்றால் ஒரு பவுண்டு நூலில் 840 கஜ நீளமுள்ள சிட்டம், அதாவது நூல்கண்டு, 60 இருக்கும் என்று பொருள். எண் ஏற ஏற நூல் மெல்லிசாகும். 100 கவுன்ட் கையில் பட்டுப் போல இருக்கும், ஆனால் ஒற்றையாகக் கட்டினால் உள்ளே தெரியும். எட்டு முழத்தில் 80-ம், நாலு முழத்தில் 40 அல்லது 60-ம் எடுங்கள்.

வெளுத்த வெள்ளையில் ஒன்று, கேரளத்துக் கோரா நிறத்தில், அதாவது வெளுக்காத நூலின் இளமஞ்சளில், ஒன்று, இரண்டும் வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கக் கல்யாணத்துக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கரை மட்டும் மயில்கண்ணோ பச்சையோ இருக்கலாம். கேரளப் பக்க விசேஷத்துக்கு, மெல்லிய கசவுக் கரை (சரிகைக் கரை) போட்ட கோரா முண்டு. அதற்கு மேல் அடர்ந்த நிறம் எதுவும் எடுக்கும். இங்கேதான் கறுப்புச் சட்டை வருகிறது. கோரா முண்டும் கறுப்புச் சட்டையும் ஓணத்துக்குக் கல்லூரிப் பையன்கள் கட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள், அவ்வளவு எடுப்பு. மெரூன் கட்டமும் சேரும். ஒரு முண்டு எடுத்ததில் தம்பியின் நாலு சட்டைக்கும் வேலை வந்துவிட்டது. கசவு அரை அங்குலம் போதும். மூன்று அங்குலக் கசவு மாப்பிள்ளைக்கு.

பாலக்காட்டுக் கடையில் எடுக்கும்போது வார்த்தையைக் கவனியுங்கள். மலையாளத்தில் முண்டு என்றால் இடுப்பில் கட்டுவது, வேஷ்டி என்றால் மேலே போடுகிற துண்டு. நீங்கள் வேட்டி என்று கேட்டு கடைக்காரர் நேரியதை, அதாவது அந்த மேல்துண்டை, எடுத்துப் போட்டால் அவர் மேல் தப்பில்லை. அந்த மேல்முண்டும் ஒன்று எடுத்து வையுங்கள். குருவாயூரில் ஆண்கள் சட்டை இல்லாமல் முண்டு கட்டித்தான் உள்ளே போக வேண்டும். தோளில் போட ஒன்று வைத்திருந்தால் வரிசையில் நிற்கும்போது கூச்சமாக இருக்காது. காவி முண்டு ஒன்று வீட்டில் இருப்பது நல்லது, கோரையாற்றங்கரைக்கும் தோட்டத்துக்கும் அதுதான். கைலி வீட்டுக்குள் மட்டும்.

டி-ஷர்ட்டுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொள்ளாச்சி, பல்லடம் தாண்டினால் திருப்பூர், உலகத்துக்கே அங்கிருந்துதான் போகிறது. 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில்) அளவில், காலர் வைத்தது இரண்டு, காலர் இல்லாதது இரண்டு, எழுத்தோ படமோ இல்லாமல் பிளெயினாக எடுங்கள். கழுத்துப் பட்டையை இழுத்துவிட்டுப் பாருங்கள், உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாதது மூன்று துவையலில் அலை அலையாகிவிடும்.

பெல்ட் ஒன்று பழுப்பில், ஒன்று கறுப்பில், செருப்போ ஷூவோ அதே நிறத்தில். பழுப்புத் தோல் ஷூ ஒன்று இருந்தால் சாம்பல், சந்தனம், அடர் நீலம், ஜீன்ஸ் நான்கோடும் போகும். பனியனையும் கணக்கில் எடுங்கள். வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளைப் பனியன் வெளியே கோடு போலத் தெரியும். சாம்பல் நிறப் பனியன் தெரியாது.

துவைப்பது பற்றி அவர் கேட்கவில்லை, ஆனால் எங்கள் பக்கத்தில் துணி கெடுவது போட்டுக் கெடுவதைவிடத் துவைத்துக் கெடுவதுதான் அதிகம். போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காமல் திரிந்து, அந்தத் திரிவு நூலுக்குள் தங்கி, வெள்ளை மங்கிப் போகிறது. வெள்ளைச் சட்டையையும் வேட்டியையும் சோப்புக் கட்டி போட்டுத் தேய்க்காமல் சோப்புத் தூளில் ஊறவைத்து எடுங்கள், அலசும் கடைசித் தண்ணீர் குழாய்த் தண்ணீராகவோ மழைத் தண்ணீராகவோ இருக்கட்டும். நிறத் துணியை உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்பி நிழலில் போடுங்கள். நம் காற்றுக்கு வெயிலே தேவையில்லை, ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். பேன்ட்டை ஒரு தடவை போட்டதும் துவைக்க வேண்டாம். கழற்றி இரவு காற்றில் தொங்கவிட்டு இன்னொரு நாள் போடலாம். மூன்று நாலு பேன்ட் இருந்தால் இது முடியும், இரண்டு இருந்தால் முடியாது.

வரிசையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் சட்டை நாலையும் பேன்ட் இரண்டையும் அளவாக்குங்கள், காலரைத் திருப்புங்கள். அடுத்த சம்பளத்தில் சாம்பல் பேன்ட். அதற்கு இரண்டு மாதம் கழித்து சந்தனம். ஓணத் தள்ளுபடியில் கோரா முண்டும் மேல்முண்டும். தீபாவளித் தள்ளுபடியில் வெள்ளைத் துணியும் கைத்தறிக் கட்டமும் எடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள். அடர் நீலப் பேன்ட் அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் வந்தால் போதும். இதற்கு நடுவில் மாமா ஓணக்கோடிக்கு என்ன எடுக்கட்டும் என்று கேட்டால், கூச்சப்படாமல் "பேன்ட் பிட்டு எடுங்க மாமா, சாம்பல் கலர்ல" என்று சொல்லிவிடுங்கள். தையல் கூலி மட்டும் உங்கள் கையிலிருந்து போகும்.

அந்த இள நீலச் சட்டையை எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் துவைத்து, கஞ்சி போடாமல், காலை நேரத்தில் கொண்டுபோங்கள். கஞ்சி போட்டால் பழைய ஊசி ஓட்டை அடைபட்டுவிடும், சாயங்கால வெளிச்சத்தில் அது கண்ணுக்கும் தெரியாது.